மழை விட்ட இருபது நிமிஷம்

தாம்பரத்திலும் அதைச் சுற்றி முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் வரையிலும் வீட்டில் நாய் வளர்க்கும் அன்பர்களுக்கு,

நான் கிழக்குத் தாம்பரத்துக்காரன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பெயர் உங்களில் பலருக்குத் தெரியாது, என் நாயின் பெயர் தெரியும். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகளும் மடிந்த ஒற்றைக் காதுமாக, எங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய், மிளகு. 'மிளகு அப்பா' என்றுதான் பாதிப் பேர் என்னைக் கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

புரட்டாசி வரைக்கும் என் காலை வழியில் பதினோரு நாய்கள் எதிர்ப்படும். நாலு லாப்ரடார், இரண்டு பக், ஒரு சிப்பிப்பாறை, மற்றவை எங்கள் ஜாதி. ஐப்பசியில் முதல் அடைமழை கொட்டியதும் கூட்டம் கரையத் தொடங்கும். கார்த்திகையில் எண்ணினால் மூன்று தேறும். மீதி எட்டும் எங்கேயும் போய்விடவில்லை. மூன்றாம் மாடி பால்கனிக் கம்பிக்கு இடையில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கின்றன. கீழே மிளகு போனால் மட்டும் ஒரு குரல் கொடுக்கின்றன. கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "மழை சார், சளி பிடிச்சுடும்." மழை நின்றால், "பனி இறங்குது சார், தை பிறக்கட்டும்." தை பிறந்து பொங்கல் லீவு முடிந்து பார்த்தால், கொழுகொழுவென்று ஒரு லாப்ரடார் படியிறங்கவே மூச்சு வாங்கும்.

பனி என்கிறீர்களே, நம் ஊர் மார்கழி விடியலில் பாதரசம் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். கொஞ்சம் இறங்கினால் நாமெல்லாம் குரங்குக் குல்லாவைத் தேடுவோம், அது சரி. ஆனால் லாப்ரடாருக்கு ஸ்வெட்டர் மாட்டிக் கூட்டிவந்த ஒரு தம்பியை சேலையூரில் பார்த்தேன். அதன் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில், பனி மிதக்கும் கடலில் குதித்து மீனவர்களுக்கு வலை இழுத்துக் கொடுத்தவர்கள். அந்த வம்சத்துக்கு இருபது டிகிரி என்பது ஊட்டிக்கு டூர் போன மாதிரி. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டருக்குள் அது வெந்துகொண்டிருந்தது. குட்டிக்கும், கிழட்டு நாய்க்கும், மயிர் கம்மியான சின்ன ஜாதிகளுக்கும் ஒரு துணி போர்த்தலாம். மற்றதுக்கு வேண்டாம்.

நம் ஊர் நாய்க்கு எதிரி குளிரல்ல, சித்திரை வைகாசி வெயில். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் கசியும். மற்றபடி இரைத்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் தார் ரோட்டில் பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது, நம் உள்ளங்கையைப் பத்து விநாடி வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்போது வீட்டில் வைத்திருங்கள், நியாயம். ஆனால் அந்த நாள்களில் தவறாமல் வாக்கிங் போகிறோம், பகலெல்லாம் குளிர்ந்து கிடக்கும் இந்த மூன்று மாதத்தில் கதவைச் சாத்துகிறோம். மிளகு பேசினால் இதைத்தான் முதலில் கேட்கும்.

உங்களைச் சொல்லிவிட்டு நான் யோக்கியன் வேஷம் போடக்கூடாது. 2021 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? தீபாவளி முடிந்த கையோடு பிடித்த மழை, மாதம் முழுக்க விட்டு விட்டு அடித்தது. எனக்கு முழங்கால் வலி வேறு. பால்கனியில் பழைய பேப்பரை விரித்து, "இங்கேயே போடா" என்று ஒன்பது நாள் மிளகைக் கீழே இறக்காமல் விட்டேன். பிறந்த நாளிலிருந்து மண்ணில் மட்டுமே காலைத் தூக்கிப் பழகிய நாய் அது. பேப்பரை மோந்து பார்க்கும், என்னைப் பார்க்கும், போய்ப் படுத்துக்கொள்ளும். காலையில் அடக்கினால் ராத்திரி வரைக்கும் அடக்கும். நான்காம் நாள் ஊஞ்சல் பலகையின் ஒரு மூலையைக் கடித்துத் துப்பியிருந்தது. ஆறாம் நாள் முன்னங்காலை நக்கி நக்கி, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மயிர் போய்த் தோல் சிவந்திருந்தது. 'சேட்டை' என்று அதட்டினேன். ஒன்பதாம் நாள் விடியலில் பேப்பரில் நாலே சொட்டு, இளஞ்சிவப்பாக.

சிறுநீர்ப்பையில் தொற்று என்றார் டாக்டர். ஊசி போட்டுக்கொண்டே, "சார், நீங்க எத்தனை மணி நேரம் அடக்குவீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு வார மாத்திரையை நாட்டுக்கோழி ஈரலுக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்தேன். ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தரையில் வைக்கும். அதற்கும் எனக்கும் நடந்த அந்தப் போரைத் தனியாக எழுத வேண்டும்.

வாக்கிங் என்றால் நாம் கால் என்று நினைக்கிறோம். நாய்க்கு அது மூக்கு. மோப்பம் பிடிக்கும் உணர்செல்கள் நமக்கு ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடியைத் தாண்டும். எங்கள் தெரு முனையிலுள்ள புங்க மரத்தடியில் மிளகு ஒரு நிமிஷம் நின்றால், நான் தினசரியைப் புரட்டுகிற மாதிரி. யார் வந்தார்கள், எந்தப் பெட்டை சூட்டில் இருக்கிறது, எவனுக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அங்கே எழுதியிருக்கிறது. மழை அதை அழித்துவிடும். அழிந்த பலகையில் எல்லோரும் புதிதாக எழுத வேண்டும். அதனால்தான் மழை விட்ட பிறகு நாய்க்கு அத்தனை பரபரப்பு. அந்த நேரத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு வேக நடை போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் கொலஸ்ட்ராலுக்குத் தனியாக ஒரு சுற்றுப் போங்கள். இது அதனுடைய நேரம்.

இதெல்லாம் செல்லம் கொடுக்கிறவர்களின் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. 2020 ஆகஸ்டில் ஜெர்மனியின் வேளாண் அமைச்சர் யூலியா குளோக்னர், நாயைத் தினம் இரண்டு வேளை, மொத்தம் ஒரு மணி நேரமாவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று விதி வரப்போவதாக அறிவித்தார். ஊரே சிரித்தது, நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் அது சுற்றி வந்தது. கடைசியில் 2022-ல் நடைமுறைக்கு வந்த விதியில் அந்த மணிக்கணக்கை விட்டுவிட்டார்கள், போதுமான அளவு வெளியே விட வேண்டும் என்பது மட்டும் நின்றது. சிரித்தவர்கள் யாருக்கும் தெரியாதது, அதற்கு அறுபது வருஷம் முன்னாலேயே நம் சட்டத்தில் இது இருக்கிறது என்பது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960. அதன் 11-ஆம் பிரிவில், வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான அளவு நடமாட்டம் கொடுக்காமல் விடும் உரிமையாளர் குற்றவாளி என்றே எழுதியிருக்கிறது. நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் அதே பிரிவில் வருகிறது.

அந்தச் சட்டம் பிறந்த கதை நம் பக்கத்துக் கதை. திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நாட்டியத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்த இடத்தில், வாயில்லாத ஜீவன்களுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசாங்கமே இப்படி ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் ஆனது. 1962-ல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவர்தான் முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் 2018-ல் ஹரியானாவுக்குப் போகும்வரை சென்னையில்தான் இருந்தது. பரதநாட்டிய அம்மா நம் பால்கனி லாப்ரடாருக்கும் சேர்த்து யோசித்திருக்கிறார். தண்டனையைக் கேட்காதீர்கள். முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம், இன்றைக்கும் அதேதான். கேம்ப் ரோட்டில் ஒரு டீக்கும் வடைக்கும் ஆகிற காசு. போலீசுக்குப் பயந்து யாரும் நாயைக் கூட்டிப்போகப் போவதில்லை என்று எனக்கும் தெரியும்.

சரி, மழையை என்ன செய்வது?

முதலில், எல்லா மழையும் ஒன்றல்ல. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் தளம் வரை முங்கின. அப்படிப்பட்ட நாளில் வாக்கிங் என்று பேசுகிறவன் பைத்தியக்காரன். வரதராஜபுரத்தில் என் நண்பர் குடும்பம் மொட்டை மாடியில் மூன்று நாள் இருந்தது, நாயும் கூட. இரண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் அது ஒன்றுக்குப் போகவே இல்லையாம். கடைசியில் சுற்றிச் சுற்றி வந்து துளசித் தொட்டியில் காலைத் தூக்கியது. சாதாரண நாளாக இருந்தால் மாமி வீட்டை இரண்டாக்கியிருப்பார். அன்றைக்கு, "போகட்டும், மண்ணைத்தானே தேடுச்சு" என்றாராம். அதிலிருந்து நான் கற்றது: ஐப்பசிக்கு முன்னாலேயே ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டில் மண்ணும் அருகம்புல்லும் போட்டு பால்கனியில் வைத்துப் பழக்கிவிடுங்கள். அது புயல் நாளுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டில் அந்தத் தட்டுதான் காப்பாற்றியது.

மற்ற நாள்களில் மழைக்கு இடைவெளி உண்டு. வடகிழக்குப் பருவமழை நம் கடலோரத்தில் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் வலுக்கும், வெயில் ஏறும் நேரத்தில் ஓயும். நாமோ வருஷம் முழுக்க ஐந்தரைக்கே இறங்கிப் பழகியவர்கள். ஐந்தரைக்குக் கொட்டுகிறது என்று அன்றைய கணக்கையே மூடிவிடுகிறோம். பத்தரைக்கு வெளுத்திருக்கும், அப்போது பார்ப்பதில்லை. மே மாதத்தில் நினைத்துப் பார்க்க முடியாத பகல் பதினொரு மணி வாக்கிங், கார்த்திகையில் சுகமாக நடக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகலில் முடியாது என்பது வாஸ்தவம். வீட்டிலிருக்கும் பெரியவருக்கோ, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைக்கோ இருபது நிமிஷம் கிடைக்காதா? வானிலை மையத்தின் ரேடார் படம் செல்போனிலேயே வருகிறது. பள்ளிக்கரணையிலேயே ஒரு ரேடார் வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து வரும் மஞ்சள் சிவப்புத் திட்டுக்கும் நம் தலைக்கும் எத்தனை தூரம் என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், செருப்பை மாட்டும் நேரம் தெரிந்துவிடும். தூறலுக்குப் பயப்பட வேண்டாம். நனைந்த நாய் நாறும், செத்துப்போகாது.

பயப்பட வேண்டியது தேங்கிய தண்ணீருக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மழைத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதிலுள்ள கிருமி பாதத்தின் கீறல் வழியாகவும், நக்கும் வாய் வழியாகவும் உள்ளே போனால் எலிக்காய்ச்சல். ஈரலையும் சிறுநீரகத்தையும் அடித்துவிடும், நாயிடமிருந்து நமக்கும் ஒட்டும். வருஷாவருஷம் போடும் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள். இரண்டாவது, மின்சாரம். தண்ணீருக்குள் நிற்கும் பில்லர் பாக்ஸ், கம்பத்திலிருந்து தொங்கும் ஸ்டே கம்பி. நாம் செருப்புப் போட்டிருக்கிறோம், அது வெறுங்காலில், நமக்கு நாலடி முன்னால் போகிறது. தண்ணீர் நிற்கும் தெருவில் கம்பத்துப் பக்கமே விடாதீர்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில், உடனே சொல்லுங்கள். எதிரில் ஸ்கூல் பிள்ளைகளும் அதே தண்ணீரில்தான் வருகிறார்கள்.

மூன்றாவது, காலி மனை. மழையில் வளையெல்லாம் நிரம்பி, பாம்பு மேட்டுக்கு வரும். நம் பக்கத்துப் புதரில் கண்ணாடி விரியன் இருக்கிறது. நாய் மூக்கால்தான் முதலில் தொடும், கடியும் மூக்கில்தான் விழும். வாரைக் குட்டையாகப் பிடித்து நடு ரோட்டிலேயே போங்கள். தேரையைக் கவ்வினாலும் வாயில் நுரை தள்ளும், பயந்துவிடாமல் வாயை நன்றாகக் கழுவி விட்டுவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். நெடுங்குன்றம் பக்கத்து அன்பர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மிக்ஜாம் ராத்திரி முதலை ரோட்டைக் கடந்ததை நாடே பார்த்தது. அந்தப் பக்கத்து ஏரிகளில் அவை இருக்கத்தான் செய்கின்றன, ஏரி நிரம்பியிருக்கும்போது இருட்டில் கரையோர வாக்கிங் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிஷ வேலை. எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் என் பழைய வேட்டியைக் கிழித்த நாலு துண்டும் எப்போதும் இருக்கும். நாலு காலையும் முக்கி எடுத்து, விரலிடுக்கைப் பிரித்துத் துடைக்க வேண்டும். மேலோடு துடைத்து விட்டால் அந்த இடுக்கில்தான் ஈரம் தங்கி, அரிப்பு வந்து, நாய் ராத்திரி முழுக்க நக்கும். துடைக்கும்போதே காதுக்குள், அக்குளில், கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மிளகுக்கு வலது பின்னங்காலைத் தொட்டால் மட்டும் கூச்சம். அந்தக் காலை எடுக்கும்போது என் காதை ஒரு தடவை நக்கும், லஞ்சம்.

மார்கழிக்கு வருவோம். சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எட்டிப் பார்க்கும், ஐந்தரை மணி என்பது நல்ல இருட்டு. மூடுபனியில் பைக்காரனுக்குக் கறுப்பு நாய் தெரியாது, ரிஃப்ளெக்டர் பட்டை ஒன்றைக் கழுத்தில் போடுங்கள். தெருவெல்லாம் கோலம். சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி நடுவில் வைத்திருப்பார்கள். உலகத்திலேயே அதைவிட வாசனையான பொருள் நாய்க்குக் கிடையாது. போன வருஷம் மிளகு அந்தப் பூவோடு ஓடி, நான் மூன்று வீட்டு அக்காமார்களிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். நடு ரோடு, குட்டை வார், கோலம் போடுகிறவர்களுக்கு ஒரு வணக்கம், இவை இருந்தால் மார்கழி சுமுகமாகப் போகும். மலத்தைப் பேப்பரில் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டால் இன்னும் சுமுகம். மழையில் அது வடிகால் வழியாக ஏரிக்குத்தான் போகிறது. சிட்லபாக்கம் ஏரியையும் செம்பாக்கம் ஏரியையும் எத்தனை பேர் அலைந்து மீட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

'மார்கழி மாசத்து நாய்' என்று ஒரு வசவு நம்மிடம் இருக்கிறது. வசவுக்குள் விவரம் இருக்கிறது. மழைக்காலத்தை ஒட்டித்தான் தெருநாய்களுக்கு இணை சேரும் பருவம், ஒரு பெட்டையின் பின்னால் ஆறேழு ஆண்கள் கும்பலாகத் திரியும். அடுத்துக் குட்டிகளும் வந்துவிடும், தாய் தன் சந்தில் யாரையும் விடாது. கும்பலைப் பார்த்தால் திரும்பி அடுத்த தெருவில் போங்கள். வீரம் காட்டவோ கல் எறியவோ வேண்டாம். ரேபிஸ் ஊசி போட்ட தேதியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போகியன்று காலையில் நானே இறங்க மாட்டேன். டயர் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானமே இறங்கத் தடுமாறிய வருஷங்கள் உண்டு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மூச்சு விடும் ஜீவனை அதற்குள் இழுத்துப்போகக் கூடாது. மத்தியானம் போகலாம்.

இன்று காலை பத்தே முக்காலுக்கு மழை விட்டது. நானும் மிளகும் இறங்கினோம். எங்கள் அடுத்த தெரு மூன்றாம் மாடி லாப்ரடார் வழக்கம்போலக் குரைத்தது. மிளகு நின்று மேலே பார்த்தது, நானும் பார்த்தேன். அந்தத் தம்பி காதில் ஹெட்போனோடு பால்கனிக்கு வந்து, "அங்கிள், தண்ணி நிக்குதா?" என்றான். "உன் தெருவுல இல்ல, அடுத்ததுல முட்டி வரைக்கும்" என்றேன். ஐந்து நிமிஷத்தில் அரை டிராயரோடு இறங்கி வந்தான். லாப்ரடார் கடைசி மூன்று படியை ஒரே தாவாகத் தாவி, கேட்டைத் தாண்டிய முதல் மண்மேட்டிலேயே நின்று ஒன்றுக்குப் போனது. போய்க்கொண்டே இருந்தது. தம்பி மணியைப் பார்த்தான். மிளகு மரியாதையாகக் காத்திருந்தது.

நாளைக்கும் ரேடாரைப் பார்த்துவிட்டு இறங்குவோம். புங்க மரத்திலிருந்து தொடங்கி, தண்ணீர் நிற்காத நாலு தெரு எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மிளகு அப்பா,
கிழக்குத் தாம்பரம்.